போருக்குப் போன ஜீப்

மரியபுஷ்பம் ரத்தினவேல் வீட்டுச் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, யாரோ ஒரு நோயாளியின் நிலவரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரர் கிளமெண்டோட ஜீப்பைப் பார்த்தேன் அண்ணே. அவர் இறந்தப்புறம், இவ்வளவு பழைய வண்டி டில்லியில ஓடக்கூடாதுன்னு காயலான் கடைக்கு நானே குடுத்தது. உடைச்சாச்சுன்னு சொன்னாங்க. இப்போ கல்யாணராமன் சார் வாசல்ல பச்சைப் பெயிண்ட்ல நிக்குது."

"எதை வச்சு உங்க வண்டிங்கறீங்க?"

"சொல்லத் தெரியல. பஸ்ஸிலிருந்து பார்த்ததும் தெரிஞ்சுது. கிளமெண்டுக்கு இடது கால் போலியோ. வீட்டுக்குள்ள நடக்கவே திணறுவார், ஜீப்ல ஏறிட்டா ராஜா." குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "மகன் பிராங்ளின் மனநல டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டான். நர்ஸ் வேலையை விடச் சொல்றான். வண்டி வேண்டாம். எனக்குப் புத்தி பிசகலைன்னு தெரிஞ்சாப் போதும்."

ரத்தினவேல் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கின வண்டிகளைப் பரிசோதித்தே ஓய்வுபெற்றவர். திடுக்கிடுகிற பாகம் சர்வீஸிலேயே தேய்ந்துவிட்டது. அவருக்கும் சேர்த்து மனைவி ராஜம் திடுக்கிட்டுக்கொள்வாள்.

"ஜல்தி கிளம்புங்க!" அவள் ஏற்கெனவே செருப்பை மாட்டியிருந்தாள்.

கல்யாணராமன் ஜனக்புரியில் காலனிச் சங்கத் தலைவர். குடியரசு தினத்தன்று ஜீப்புக்கு ஒரு மாலையும் தனக்கு அதைவிடப் பெரிய மாலையும் போட்டுக்கொண்டவர். வாசலில் சங்கத்தார் சிலர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். டீயும் பேச்சும் அவருடையவை.

"எழுபத்தொண்ணு யுத்தத்துல அப்பா ஓட்டின வண்டி, சார். அப்புறம் நான், நாப்பது வருஷம், இந்த டில்லி டிராபிக்ல. வேற ஆள் தொட்டதில்லை. பெயிண்ட் மட்டும்தான் புதுசு."

ராஜம் குனிந்து தேடினாள். "குண்டு பட்ட ஓட்டை ஒண்ணையும் காணோமே?"

"அப்பா குண்டு படாம ஓட்டுவார்."

ரத்தினவேல் தலையை உள்ளே நுழைத்துக் கீழே பார்த்தார். பிரேக் மிதியின் ரப்பர் வழுக்கையாகியிருந்தது. அதே வயசுள்ள கிளட்ச் மிதியின் ரப்பரில் வரிகள் அப்படியே இருந்தன. கியர் தண்டுக்குப் பக்கத்தில், தரையில் கையகலத் தகடு ஒன்று; புதிதாகப் பற்றவைத்தது.

"கிளட்சை எந்தக் காலால மிதிச்சீங்க?"

"இடது கால். எல்லாரையும்போல."

"நாப்பது வருஷ டிராபிக்ல பிரேக் ரப்பர் தேஞ்சிருக்கு. கிளட்ச் ரப்பர்ல யார் காலும் படலை. கிளட்சே மிதிக்காம கியர் மாத்தியிருந்தா, அப்பாவுக்கு அதுக்கே தனியா ஒரு பதக்கம் குடுத்திருக்கணும்."

டீ உறிஞ்சும் சத்தம் நின்றது.

"இடது கால் வராதவங்களுக்குக் கிளட்சைக் கைக்கு மாத்திக் குடுப்பாங்க. தரையிலிருந்து ஒரு இரும்புப் பிடி நிக்கும். அதை வெட்டின இடம்தான் இந்தத் தகடு."

"திருப்பத்துல அந்தப் பிடி என் முட்டியில இடிக்கும்," என்றாள் மரியபுஷ்பம், தகட்டைப் பார்த்தபடி.

கல்யாணராமன் நட்சத்திரம் வரைந்த பானெட்டைப் பிடித்துக்கொண்டார். "காயலான் கடைக்காரன் முழுசாவே வித்தான், வாங்கிட்டேன். அப்பா... தபால் இலாகா, சார். நீங்க எடுத்துக்கோங்கம்மா."

அழுவாளென்று ராஜம் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். அது நீட்டினபடியே நின்றது.

"வேண்டாம் சார், டூட்டி இருக்கு. அண்ணே, பிராங்ளினுக்கு ஒரு போன் போட்டு நீங்களே சொல்லிடுங்க." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டடி போய்த் திரும்பினாள். "வண்டி இங்கேயே நிக்கட்டும் சார். யுத்தத்துக்குப் போச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க. கிளமெண்டுக்குத் தீபாவளி வெடிச் சத்தமே ஆகாது."