வேற கைவேலை

திறனேற்றக் கூடத்தில் காலை வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. பனியன் ஓரத்தை மடித்து அடிக்கும் பேட்லாக் தையலில் கை படிய முன்பெல்லாம் வருடக்கணக்கில் ஆகுமாம். இப்போது அரசாங்கம் அதை நரம்புறை என்ற கையுறை வழியாக ஒரே காலைப்பொழுதில் விரல்களுக்குள் ஏற்றிவிடுகிறது. செலவில்லை. மதியச் சாப்பாடு உண்டு. ஏற்றம் முடிந்த கையோடு பனியன் கம்பெனியில் வேலையும் உண்டு. பழைய கம்பெனி மூடிய நாளிலிருந்து கவின் இந்த வரிசைக்காகத்தான் காத்திருந்தான்.

மேசையில் இருந்த ரேஷ்மா மேடம் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"வேற கைவேலை ஏதாவது தெரியுமா?"

கவினுக்கு முன்னால் நின்றவள் பூவரசியக்கா, அதே பழைய கம்பெனிக்காரி. "முறுக்குச் சுத்துவேனுங். எங்க ஊருல என் கை படாம ஒரு கல்யாணம் நடக்காதுங்" என்றாள்.

"முறுக்கு அது இதுன்னு சொல்லி வேலைய விட்டுப்போடாதீங்க்கா" என்று கவின் பின்னாலிருந்து முணுமுணுத்தான்.

"போடா. தெரிஞ்சத மறைக்கோணுமாக்கும்."

வேறு தொழில் தெரிந்தவன் பாதியில் ஓடிவிடுவான் என்று கம்பெனிகள் நினைக்கும். கவினுக்கு அது தெரியும். அவன் முறை வந்தபோது கைகட்டி நின்றான்.

"நமக்கு வேற ஒரு கைவேலையும் தெரியாதுங் மேடம்."

உறைக்குள் விரல்கள் சுட்டன. கழற்றியதும் ஒரு சோதனைத் துணியைக் கொடுத்தார்கள். கை தானாக ஓரத்தை மடித்தது, இழுத்தது, ஊசிக்குத் தள்ளியது. தையல் ஓர் இழைகூடப் பிசகவில்லை. அவனுக்குச் சிரிப்பு வந்தது.

மகள் இதழி கீழே குழந்தைகள் அறையில் இருந்தாள். இன்னும் பள்ளிக்கூடம் போகாத வயது. பிறவியிலேயே காது கேளாது. அவள் அம்மா பவித்ரா சாவதற்கு முன்னால் இருவருக்கும் கைப்பேச்சைக் கற்றுக்கொடுத்திருந்தாள். பெயர்களும் அவள் வைத்தவைதான். மீசையை முறுக்கினால் அப்பா. கன்னத்தில் விரலைக் குழித்தால் இதழி.

அவனைக் கண்டதும் இதழி மீசையை முறுக்கிக்கொண்டே ஓடிவந்தாள். வேலை கிடைத்துவிட்டதா என்று விரல்களால் கேட்டாள். அவனுக்குப் புரிந்தது. பதில் சொல்லக் கையைத் தூக்கினான்.

கைகள் காற்றில் ஓரம் மடித்தன. இழுத்தன. தள்ளின.

அவள் பெயரையாவது சொல்லலாம் என்று ஒரு விரலைத் தன் கன்னத்துக்குக் கொண்டுபோனான். விரல் பாதியிலேயே திரும்பி மடிப்புக்குப் போனது.

மகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடி, கைப்பேச்சு போய்விட்டதைச் சொன்னான்.

"அதுக்குத்தானே கேட்டேன்" என்றார் ரேஷ்மா மேடம். "கையில இருக்கற இடம் கொஞ்சம்தான். பழசைக் காலி பண்ணித்தான் புதுசை ஏத்தறோம். நீங்க சொல்ற கைவேலையை மட்டும் காப்புல வைப்போம். அந்தம்மா முறுக்கு பத்திரமா இருக்கு."

"இது கைவேலை இல்லீங் மேடம். பேச்சுங்."

"கையாலதானே பேசறீங்க?"

"திருப்பி ஏத்திருங்."

"காலி பண்ணினது காலிதான். கைக்குப் பூட்டும் போட்டாச்சு. மூணு வருசத்துக்கு வேற எதுவும் அதுல படியாது. கம்பெனி ஒப்பந்தம் அப்படி."

மேசையருகே நின்ற பூவரசியக்கா தன் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

இதழி அவன் இடுப்பிலிருந்து இறங்கி நின்று அவன் விரல்களையே பார்த்தாள். புதுச் சொல் என்று நினைத்திருக்க வேண்டும். அதேபோல் மடித்தாள், இழுத்தாள், தள்ளினாள்.

ரேஷ்மா மேடம் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். "பாப்பாவுக்கு என்ன சுத்தமா வருது. பெரியவளானதும் நேரா இங்க கூட்டிட்டு வந்திருங்க. இவளுக்கு ஏத்தவே வேண்டாம்."

அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்க இதழி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். முதலில் அப்பா என்று கூப்பிட்டாள்.

மீசையை முறுக்கவில்லை. மடித்தாள், இழுத்தாள், தள்ளினாள்.