வாசல் வைக்காத வீடு

யாரும் மாட்டியிராத ஹெட்செட்டில் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே ஒரு முகம் இருந்தால் மட்டும் எரிகிற விளக்கு அது. சுஃப்யான் எழுந்து போய் அதைக் கையில் எடுத்தான். கண்களைச் சுற்றி அழுத்தும் பஞ்சு நனைந்து, வெதுவெதுப்பாக இருந்தது. துணியால் துடைத்தான். விளக்கு அணைந்தது. நாற்காலிக்குத் திரும்பியதும் மறுபடி எரிந்தது.

ஆறு மாதமாக அதை யாரும் தொடவில்லை.

பீளமேட்டின் அந்த இரண்டாம் மாடி அறையை நாளை காலி செய்ய வேண்டும். மேசைகள் ஏற்கெனவே போய்விட்டன. மிஞ்சியது ஒரு கணினியும் சுவரில் ஒரு டீவியும் இந்த ஹெட்செட்டும்தான். கீழே மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றும் கடையிலிருந்து வார்னிஷ் வாசம் படியேறி வந்து, பூட்டிக் கிடந்த அறையின் தூசியோடும் மூன்று மணி வெயிலில் காய்ந்த ஜன்னல் திரையின் வாசத்தோடும் கலந்து, தொண்டையில் ஓர் இனிப்பாகத் தங்கியது. அவன் ஒரு கல்லூரியில் பேசவேண்டிய உரையை எழுதிக்கொண்டிருந்தான். தலைப்பை அவர்களே கொடுத்திருந்தார்கள்: முதல் தோல்வி கற்றுத் தந்தவை.

கட்டப்போகும் வீட்டுக்குள் ஆட்களை முன்கூட்டியே நடக்கவிடுவது அவன் கம்பெனியின் வேலை. ஹெட்செட்டை மாட்டினால் ஹாலின் நடுவே நிற்பார்கள். திரும்பினால் சமையலறை தெரியும். குனிந்தால் தரைக்கல் தெரியும். அதில் கற்ற பாடங்களை எழுதுவது எளிதாகவே இருந்தது. சந்தையைப் படிக்காமல் இறங்காதீர்கள். வேலை முடியுமுன் விளம்பரம் செய்யாதீர்கள்.

இரண்டாவதை எழுதி, அழித்தான்.

அப்படி அவன் விளம்பரம் செய்தது சூலூரில் தறி ஓட்டும் குமாரசாமியின் வீட்டை. தலைவாசலைத் தவிர எல்லாம் வரைந்தாயிற்று. வாசல் கிழக்கிலா வடக்கிலா என்று அவருடைய வாஸ்துக்காரர் நாள் கடத்திக்கொண்டிருந்தார். சுஃப்யான் நான்கு பக்கமும் சுவரை மூடிவிட்டான். ஹாலின் நடுவிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு வாசல் எதற்கு?

வீட்டைப் பார்க்க வந்த அன்று குமாரசாமி கீழே வாஸ்துக்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். மேலே அவர் மனைவி சாந்தாமணி மாட்டிப் பார்த்தார். முதலில் சிரித்தார்.

"ஏங் கண்ணு, மேடைய இத்தன ஒசரத்துல வெச்சா நான் முக்காலி மேல நின்னில்ல தோசை ஊத்தோணும்?"

பிறகு சுற்றிலும் திரும்பினார்.

"வாசல எங்க வெச்சிருக்கற?"

சுஃப்யான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். இன்னும் நெருங்கிப் போனான். சாந்தாமணி இரு கைகளையும் நீட்டி, தனக்கு மட்டும் தெரிந்த சுவரைத் தடவித் தடவி நகர்ந்தார். உதடுகள் உலர்ந்துவிட்டன. கூட வேலை செய்த மிஸ்பா அவன் தோளைத் தொட்டாள்.

"கழட்டி உடு. அவங்களுக்கு மூச்சு வாங்குது."

"ரெண்டே நிமிஷம். நல்லா வருது."

ஆறு நிமிடம் எடுத்தான். அதில் நாற்பது விநாடியை வெட்டி, சிரிப்புச் சத்தம் சேர்த்து வெளியிட்டான். இரண்டு லட்சம் பேர் பார்த்துச் சிரித்தார்கள். கம்பெனி கண்ட ஒரே வெற்றி அதுதான். மிஸ்பா அந்த வாரமே வேலையை விட்டாள். சாந்தாமணி ஐப்பசியில் இறந்துபோனார்.

இன்று காலை குமாரசாமி போன் செய்திருந்தார். "தம்பி, அந்த ஊட்ட ஒருக்கா பாத்துப்போட்டுப் போறனுங்க. அவ ஆசையா நடந்த ஊடு." வேண்டாம் என்று சொல்லக் காரணம் தேடி, கிடைக்காமல், சரிங்கய்யா என்று சொல்லிவிட்டான்.

சுவரில் இருந்த டீவி விழித்துக்கொண்டது.

ஹெட்செட் மாட்டியவர் பார்ப்பதெல்லாம் அதில் தெரியும். இப்போது தெரிந்தது வெள்ளைச் சுவர், மூச்சுப் படுகிற நெருக்கத்தில், பூச்சின் சொரசொரப்பு வரை தெளிவாக, இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்து, மூலையில் நின்று, திரும்பி, அடுத்த சுவரில் மறுபடி நகர்ந்தது. பார்வை தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் இருந்தது. சாந்தாமணிக்காக அவனே அளந்து குறித்த உயரம்.

தட் என்று ஒரு சத்தம். கீழே கடையில் என்று நினைத்தான். மறுபடி தட். திரையில் சுவர் ஓர் அடி நகர்ந்தது.

வாசல் ஒன்றை வரையப் பத்து நிமிடம் போதும். வீட்டின் கோப்பைத் திறந்தான். மென்பொருளின் சந்தா காலாவதியாகிவிட்டது என்றது கணினி. பார்க்கலாம், மாற்ற முடியாது. அழிக்க முடியும். விரல் அழிக்கும் பொத்தானின் மேல் நின்றது.

உள்ளே ஆள் இருக்கும்போது எப்படி அழிப்பது?

படியில் செருப்புச் சத்தம். டீவியை அணைத்தான். குமாரசாமி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"மாடியேறறதுக்குள்ள நாக்குத் தள்ளுதுங்க தம்பி. எனக்கு லிப்டு வெச்ச ஊடாப் போட்டுக் குடுங்க."

அவரே சிரித்தார். ஹெட்செட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"இத மாட்டிப் பாத்ததுல இருந்து அவ ராவெல்லாம் எந்திரிச்சு சொவத்தத் தடவிக்கிட்டே நிப்பாளுங்க. கேட்டாச் சொல்ல மாட்டா. புது ஊட்டு நெனப்புன்னு நான் கேலி பேசிப்போட்டேன்."

இப்போது சொல்லியாக வேண்டும். சுஃப்யானுக்கு அது தெரிந்தது. அந்த வீடியோவை அவர் பார்த்ததில்லை. சொன்னால் பார்ப்பார். இரண்டு லட்சம் பேரோடு அவரும் பார்ப்பார்.

"சார்ஜ் இல்லீங்கய்யா."

"பச்சை எரியுதுங்களே."

அவரே எடுத்து மாட்டிக்கொண்டார். சுஃப்யானின் கை பாதி தூரம் நீண்டு நின்றது.

அணைத்த டீவி தானாக எரிந்தது. ஹால். அவர் உயரத்திலிருந்து. சுவரோரம் ஒரு முதுகு. குட்டையான முதுகு. தூக்கிய கை ஒன்று. தட்டியது. தட்டியது. நின்றது.

முதுகு திரும்பத் தொடங்கியது.

"அம்மணி," என்றார் குமாரசாமி. கையை நீட்டினார்.

மடித்துவிட்ட அவர் சட்டைக்கை கசங்கியது. முழங்கைக்குக் கீழே தோலில் ஐந்து குழிகள் விழுந்தன.

சுஃப்யான் பாய்ந்து ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தான். டீவி இருண்டது. குமாரசாமியின் கண்கள் திறந்திருந்தன. அவனைப் பார்க்கவில்லை. குழிகள் மறையவில்லை.

"ஐயா. நான் ஒண்ணு சொல்லோணுங்க."

சொன்னான். வாசல் வைக்காததை. படமெடுத்ததை. மூச்சு வாங்கியதை. சிரிப்புச் சத்தத்தை. எதையும் விடாமல், வேகமாக.

அவர் கேட்கவில்லை. சுவரருகே போனார். உள்ளங்கையை வைத்தார். தட். ஓர் அடி நகர்ந்தார். தட். அந்தச் சுவரில்தான் கதவு இருந்தது. அகலத் திறந்திருந்தது. வெளியே வெயில். படிக்கட்டு. கீழே யாரோ டீ சொன்னார்கள்.

கை கதவு நிலையைத் தொட்டது. தாண்டியது. திறந்த வாசலின் நடுவே, வெறும் காற்றில் விழுந்தது.

தட்.

அங்கே அவர் விரல் நுனிகள் தட்டையாகி வெளுத்தன.