நாலு பேரும் வந்தாச்சு!

போன வருஷம் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் அஞ்சல் ஓட்ட அணி ஓடவே இல்லை. நாலு பேரில் இரண்டு பேருக்கு வயிற்றோட்டம்! மிச்சமிருந்த இரண்டு பேரும் ஓரமாய் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதில் ஒருத்தி விஜயகலா. அந்த வெட்கம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த வருஷம் அவள்தான் தலைவி. தெஹியோவிட்டவில் போட்டி. இன்னும் மூன்றே வாரம்.

"யாராவது காய்ச்சல், வயித்தவலின்னு படுத்தீங்க, போட்டியிலேருந்து நம்ம பேர எடுத்துருவேன்" என்று செல்வநாயகம் சார் கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்று மாலை, அணியில் ஓடும் சசி ரப்பர் மலையிலிருந்து வந்தாள். அம்மாவோடு சேர்ந்து ரப்பர் பால் எடுத்த கை. உள்ளங்கையில் காய்ந்திருந்த பாலைத் தோல் மாதிரி உரித்துப் போட்டுவிட்டு, ரொட்டியை எடுத்தாள்.

"கை கழுவலையாடி?" என்றாள் விஜயகலா.

"எதுக்கு? பால உரிச்சா அழுக்கும் அதோட வந்துரும்ல!"

தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். விஜயகலாவும் நம்பியவள்தான். ஆனால் போன வருஷத்து வயிற்றோட்டம் நினைவுக்கு வந்ததும் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு பேசினில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"இதுல சவுக்காரம் போட்டுக் கழுவு, பாப்போம்."

சசி கழுவினாள். தண்ணீர் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது.

"ஆத்தாடி! இதையா திங்கப் பாத்தேன்?"

மறுநாளே விஜயகலா சட்டம் போட்டுவிட்டாள். சவுக்காரம் போட்டுக் கை கழுவாமல் சாப்பிடக் கூடாது. குடிக்கக் கொதித்தாறிய தண்ணீர்தான். தினமும் கீரை, எட்டரைக்கெல்லாம் படுக்கை. மீறினால் அன்றைக்கு ஓட்டக் கோலைத் தொட முடியாது!

சசியின் அம்மா இருளாயி சண்டைக்கே வந்துவிட்டார். "நீ என்னா, தலைவியா தொரையா? மாசத்துக்கு வாங்குன சவுக்காரம் ஒரு வாரத்துல கரைஞ்சு போச்சு!"

"சசி ஓட வேணாங்களா, அத்தை?"

இருளாயி முணுமுணுத்துக்கொண்டே தண்ணீரை அடுப்பில் வைத்தார்.

கடைசி வாரம் விடாத மழை. லயத்து வீடுகள் முழுக்க இருமல். ஒவ்வொரு காலையும் விஜயகலா பயந்து பயந்துதான் தோழிகளின் கதவைத் தட்டினாள்.

போட்டி நாளும் வந்தது.

"எத்தன பேர் வந்திருக்கீங்க?" என்று கேட்டார் சார்.

"நாலு பேரும் வந்தாச்சு சார்!"

ஒருத்திக்கும் தும்மல்கூட இல்லை. ஓடினார்கள் பாருங்கள், அப்படி ஓடினார்கள்! கடைசியாகக் கோலை வாங்கிய விஜயகலா ஒரே முழத்தில் முதலிடத்தை விட்டாள். இரண்டாமிடம்!

ஒலிபெருக்கியில் நாலு பெயரும் முழங்கின. கூட்டத்தில் நின்ற இருளாயி, பக்கத்திலிருந்த சிங்களப் பெண்ணின் தோளைத் தட்டினார். சசியைத்தான் காட்டப் போகிறார் என்று விஜயகலா நினைத்தாள். ஆனால் அவர் விரல் விஜயகலாவை நோக்கி நீண்டது.

"அபே துவ!" என்று கத்தினார் இருளாயி. அதுவும் போதாமல் தமிழிலும் ஒரு தடவை கத்தினார். "எங்க மவ!"