கோரைப்புல் பக்கம் கேட்ட இருமல்

அக்கா இருமினாள். இருமல் கோரைப்புல் பக்கமிருந்து கேட்டது.

தங்கை திரும்பிப் பார்த்தாள். அக்கா சற்றுப் பின்னால், கைக்குட்டையால் வாயைத் துடைத்தபடி வந்துகொண்டிருந்தாள். பலகைப் பாதையின் இடப்பக்கம் ஆள் உயரத்துக்குக் கோரை மண்டிக் கிடந்தது. எதிரொலியாக இருக்கும் என்று தங்கை நினைத்துக்கொண்டாள். ஆனால் எதிரொலிக்கு முன்னால் ஒரு ஒலி இருந்திருக்க வேண்டுமே.

இருவரும் ஆசைப்பட்டு அங்கே வரவில்லை. அம்மாவைச் சேர்த்திருந்த முதியோர் இல்லத்தில் உள்ளே விட இன்னும் நேரமிருந்தது. வாசல் பெஞ்சில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு எவ்வளவு நேரம்தான் உட்காருவது? எதிரே சதுப்புநிலப் பூங்கா. பறவை பார்க்கலாம் என்று தண்ணீர்மேல் பலகைப் பாதை போட்டிருந்தார்கள்.

அம்மாவை இல்லத்தில் சேர்த்தது தங்கைதான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஷிப்ட் வேலை. கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்துபோகும் அம்மாவை வீட்டில் தனியே விட அவளுக்குப் பயம். வேறு ஊரில் கணக்கு டீச்சராக இருக்கும் அக்கா அன்றிலிருந்து அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசினாலும் குத்தல்தான்.

"அந்தக் கொக்கைப் பாரு. குஞ்சுக்கு எப்படி ஊட்டுது. அதுக்கு மட்டும் வேலை வெட்டி இல்லையா என்ன."

"ஆரம்பிச்சிட்டியாக்கா."

"நான் கொக்கைத்தான் சொன்னேன்."

பாதை வளைந்து வளைந்து உள்ளே போனது. மழை ஓய்ந்த மாலை. ஊறிப்போன மரத்தின் வாடையும், அழுகிய வேரின் வாடையும், அதற்கடியில் ரொம்ப நாள் மூடிக்கிடந்த தொட்டியைத் திறந்தாற்போல் ஒரு குளிர்ந்த நாற்றமும் மூக்கில் ஏறின. கோரைக்கு மேலே அடுக்குமாடிக் கட்டடங்களின் தலை மட்டும் தெரிந்தது. பட்டமரத்தில் நீர்க்காகங்கள் சிறகை விரித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தன. தவளைகள் கத்தின, தண்ணீர் பலகைக்கு அடியில் சப்புக்கொட்டியது, எங்கோ ஒரு பறவை தொண்டையைச் செருமுவதுபோல் விட்டுவிட்டுக் கூவியது. அத்தனை சத்தத்துக்கும் நடுவே ஒன்று மட்டும் குறைவதைத் தங்கை மெல்ல மெல்லத்தான் உணர்ந்தாள்.

காலடிச் சத்தம். அவள் காலடியும் கேட்கவில்லை, அக்காவின் காலடியும் கேட்கவில்லை.

நின்று, குதிகாலால் பலகையை ஓங்கி மிதித்தாள். வலி முழங்கால் வரை ஏறியது. சத்தம் வரவில்லை. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, கோரைக்குள்ளிருந்து 'டொக்' என்று கேட்டது.

"அக்கா, திரும்பிடலாம். இங்க என்னவோ சரியில்ல."

"உனக்கு எதுதான் சரியா இருந்திருக்கு? அம்மாவே சரியா இல்லன்னுதானே கொண்டுபோய்த் தள்ளின."

அக்காவின் குரல்தான். பள்ளிக்கூடத்தின் கடைசி பெஞ்சு வரை எட்டும் அதே குரல். ஆனால் இடப்பக்கத்திலிருந்து, தண்ணீர் மட்டத்திலிருந்து வந்தது. தங்கை திரும்பினாள். அக்காவின் உதடுகள் இறுக மூடியிருந்தன. முகம் வெளுத்திருந்தது. இல்லை, நான் இல்லை என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

பிறகு அக்கா வாயைத் திறந்தாள். 'போகலாம்' என்றுதான் உதடு அசைந்தது.

"நீ செத்தாக்கூட நான் வரமாட்டேன்டி" என்றது கோரை.

தங்கை ஓடினாள். யோசித்து ஓடவில்லை, கால்கள் ஓடின. வளைவு தாண்டி, இன்னொரு வளைவும் தாண்டி, மூச்சு முட்டி நின்ற பிறகுதான் அக்காவை விட்டுவிட்டு வந்தது உறைத்தது. தண்ணீருக்கு மறுபுறம், கோரையின் இடைவெளியில் அக்கா தெரிந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இருட்டிக்கொண்டு வரும் வெளிச்சத்தில் நாலாபக்கமும் தேடிக்கொண்டிருந்தாள். தன்னைத்தான் தேடுகிறாள்.

அக்கா என்று கத்தினாள். தொண்டை புடைத்தது. காற்றுகூட வரவில்லை.

"அக்கா" என்று கேட்டது. அவளுடைய குரல். அவளே மறந்துபோயிருந்த, சண்டையெல்லாம் வருவதற்கு முந்தைய குரல். "கால் தவறிடுச்சுக்கா. இங்கதான் இருக்கேன். கை குடு."

அக்கா சட்டென்று மண்டியிட்டாள்.

இத்தனை மாதமாகத் தங்கையின் நிழலைக்கூடத் தொடாத அக்கா, பையைத் தூக்கி எறிந்துவிட்டு, பலகையில் குப்புறப் படுத்து, தோள் வரை கையைத் தண்ணீருக்குள் விட்டாள். அழுதுகொண்டிருந்தாள். "பயப்படாதடி. நான் இருக்கேன், புடிச்சுக்கோ." இப்போது குரல் அவள் வாயிலிருந்தே வந்தது. கோரை அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

தங்கை வந்த வழியே ஓடினாள். கைப்பிடிக் கட்டையை அடித்தாள். பலகையை உதைத்தாள். நகம் பெயர்ந்தது. சத்தமில்லை. கத்தினாள். சத்தமில்லை. முதல் வளைவு. அடுத்த வளைவு.

அக்கா இழுத்துக்கொண்டிருந்தாள். கனமாக ஏதோ வந்தது. முதலில் விரல்கள். ஈரக் கூந்தல். தோள்.

தங்கை நின்றுவிட்டாள்.

அக்கா அதைப் பலகைமேல் ஏற்றி, மடியில் கிடத்தி, இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். அதன் முதுகைத் தடவினாள். தலையில் முத்தமிட்டாள். "என்னை மன்னிச்சிடுடி" என்றாள். அவள் கண்கள் மூடியிருந்தன.

"இனிமே சண்டை வேண்டாம்கா" என்றது அது, தங்கையின் குரலில், ரொம்ப அன்பாக.

அக்காவின் தோளுக்கு மேலாக அதன் தலை மெல்ல நிமிர்ந்து தங்கையின் பக்கம் திரும்பியது. நெற்றி இருந்தது. கன்னம் இருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாய். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாய். கீழே இன்னொன்று. எல்லாமே திறந்திருந்தன.