ஓரக்கண்ணில் எழுபத்தொன்று

உங்களை யாராவது இரண்டு நாள் முழுக்க ஓரக்கண்ணால் மட்டும் பார்த்திருக்கிறார்களா?

விதா அப்படிப் பார்ப்பதில் கெட்டிக்காரி. அவள் பார்ப்பது ஆந்தைகளை. நீண்ட காதுள்ள ஆந்தையை நேருக்கு நேர் பார்த்தால் அது உடம்பைச் சுருக்கி, விறைத்து, கிளையோடு கிளையாக மறைந்துவிடும். அதனால் வேறு வேலையாக வந்தவள் போல நடக்க வேண்டும். பார்வை பாதையில்... கவனம் மரத்தில்.

பனாத் சமவெளியில் அந்தச் சின்ன ஊரின் தபால்காரி அவள். தேவாலயத்து வளாகத்தில் பதினொரு பைன் மரங்கள். குளிர்காலம் வந்தால் பகல் முழுக்க ஆந்தைகள் அவற்றில் தூங்கும். ஒன்பது வருடமாக ஒவ்வொரு ஜனவரியும் அவள்தான் எண்ணுகிறாள். பக்கத்து நகரமான கிகிந்தாவின் சதுக்கத்துக்கு ஆந்தை பார்க்கப் பேருந்து பேருந்தாக ஆட்கள் வருவார்கள். இங்கே யாரும் வருவதில்லை.

அன்றைக்கு ஒருவன் வந்தான்.

"எண்பத்தெட்டு... எண்பத்தொன்பது..." என்று அவள் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஹார்ன் அடித்தது. மரத்திலிருந்த அத்தனை ஆந்தையும் குச்சியாகிவிட்டது.

மின் துறையின் மஞ்சள் லாரி. மேலே ஆள் நிற்கும் தொட்டி. ஆரஞ்சு ஜாக்கெட்டில் 'ஷார்கோ' என்று பெயர் தைத்த ஒருவன் ரம்பத்தோடு இறங்கினான்.

"போஸ்ட்டம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கிளை விழும்."

"மேஸ்திரி, நீங்கதான் தள்ளி நிக்கணும். இது தூங்குற எடம்."

"யாரு தூங்குறா?"

"மேல பாருங்க. ஐயோ, அப்படிப் பாக்காதீங்க. சும்மா பாக்காத மாதிரி பாருங்க."

அவன் குழம்பிப்போய் அவளைப் பார்த்தான். உறைந்த ஓடைக்கு அடியில் தண்ணீர் ஓடுமே, அந்த நிறத்தில் கண்கள்... விதா சட்டென்று பார்வையைப் பாதைக்குத் திருப்பினாள்.

"கம்பியில கிளை உரசுது. இந்த மாசத்துல ரெண்டு தடவ தெருவுக்கே கரண்ட் போச்சு. பாதி மரத்தக் கழிக்கச் சொல்லி உத்தரவு," என்று காகிதத்தை நீட்டினான்.

"ரெண்டாவது பக்கத்தப் படிச்சீங்களா?"

அவன் திருப்பினான். ஊர்ச் சபை எழுதியிருந்தது. எண்பது ஆந்தைக்கு மேல் இருந்தால் மார்ச் வரை ரம்பம் வைக்கக் கூடாது. குறைந்தால் வெட்டலாம். எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டியது தபால்காரி விதா.

"அது நீங்களா?"

"நான்தான். அஞ்சு நிமிஷம் மூச்சு விடாம நில்லுங்க."

அவன் உண்மையாகவே அசையாமல் நின்றான். மூக்கு நுனி சிவந்துபோனது. அவள் மரம் மரமாகச் சுற்றி வந்து முடித்தாள்.

"தொண்ணூத்தி நாலு. போன வருஷம் இருநூத்திப் பதினொன்னு..." அவள் குரல் இறங்கியது. "வயல்ல எலி இல்ல. எலி இல்லாத வருஷம் இதுங்களும் கொறையும்."

"நான் மேல போய்ப் பாக்கலாமா? அறுக்க இல்ல. எண்ண."

தொட்டி மெதுவாக, மிக மெதுவாக உயர்ந்தது. பனி தூவத் தொடங்கியது. விதா தொப்பியைக் கழற்றி உதறிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டாள். மேலே போனவன் வெகுநேரம் இறங்கவில்லை.

"எழுபத்தி ஒன்னு," என்றான் இறங்கி வந்து.

"கண்ணாடி போடுங்க மேஸ்திரி."

"கோவிக்காதீங்க. நீங்க மரத்தச் சுத்திச் சுத்தி வர்றீங்க. முன்னாடி நின்னு மூஞ்சிய எண்ணுறீங்க. பின்னாடி போய் அதோட முதுக எண்ணுறீங்க. ஒரே ஆளுக்கு ரெண்டு தடவ தபால் குடுக்குறீங்க."

விதாவின் காது சூடாகிவிட்டது.

"ஒம்போது வருஷமா எண்ணுறேன் நான். நீங்க கால் மணி நேரம் தொட்டில நின்னுட்டு எனக்குச் சொல்லித் தர்றீங்களா?"

எதிர் ரொட்டிக் கடைக் கதவைத் திறந்து கடைக்காரி ஸ்தானா எட்டிப் பார்த்தாள். "விதா, சண்டைய உள்ள வந்து போடுங்க. அந்த ஆளு மூக்கு கழண்டு விழுந்துடப் போகுது."

"விழட்டும்," என்றாள் விதா.

அவன் சிரிக்கவில்லை. ரம்பத்தை லாரியில் வைத்தான். "நாளைக்குச் சாயங்காலம் வர்றேன். நீங்க சொல்ற எண்ணிக்கையத்தான் நான் கொண்டுபோவேன்."

வீட்டில் பீன்ஸ் சூப்பைச் சூடாக்கியபடி விதா யோசித்தாள். சுற்றித்தான் வருகிறேன்... எப்போதும் சுற்றித்தான் வருகிறேன். கரண்டி கையிலேயே நின்றது. அப்போ அவன் சொன்னது சரியா? சரியாக இருந்தால் அந்த மரங்கள்? அந்தக் கண்கள் வேறு ஏன் நடுவில் வந்து வந்து போகின்றன?

தப்பே வராத எண்ணிக்கை ஒன்று இருக்கிறது. பொழுது சாயும்போது ஆந்தைகள் ஒவ்வொன்றாக வயலுக்குப் பறந்து போகும். ஒரு ஆந்தை ஒரு தடவைதான் கிளம்பும். குளிரில் நிற்க வேண்டுமே என்று விதா அதை ஒரு வருடமும் செய்ததில்லை.

மறுநாள் நாலு மணிக்கு அவன் வந்தபோது அவள் வளாகத்தின் நடுவில் காத்திருந்தாள்.

"நான் கெழக்கப் பாக்குறேன். நீங்க மேக்கப் பாருங்க. திரும்பக் கூடாது."

"சரிங்க போஸ்ட்டம்மா."

முதுகோடு முதுகாக நின்றார்கள். அவன் வலது பையில் சூரியகாந்தி விதைகள். ஒரு ஆந்தைக்கு ஒரு விதை, இடது பைக்கு.

வானம் ஊதா நிறமானது. முதல் ஆந்தை சத்தமே இல்லாமல் விதாவின் தலைக்கு மேல் போனது. இரண்டாவது... ஏழாவது... சிறகடிக்கிற ஓசைகூட இல்லை. அவன் மூச்சு விடுவது மட்டும் முதுகில் தெரிந்தது. அதை எண்ணக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மரங்கள் காலியாயின.

"எனக்கு நாப்பது," என்றாள்.

அவன் விதைகளைக் கையில் கொட்டி எண்ணினான். இரண்டு தடவை எண்ணினான். "முப்பத்தொன்னு."

கூட்டினால் எழுபத்தொன்று, நேற்று அவன் சொன்ன அதே எண்.

அவன் மெல்லச் சொன்னான். "தொண்ணூத்தி நாலுன்னே எழுதுங்க. நானும் தொண்ணூத்தி நாலு பாத்தேன்னு சொல்றேன்."

ஆசையாகத்தான் இருந்தது. ஒரு எண்... மரங்கள் பிழைத்துவிடும். விதா பேனாவின் மூடியைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"வேணாம். நாளைக்கு நெசமாவே தொண்ணூறு வந்தா, கூடியிருக்குன்னு எப்படித் தெரியும்? பொய்ய எழுதிட்டு எந்த மூஞ்சிய வச்சிட்டு இங்க நடப்பேன்..." கண்ணைத் துடைத்தாள். "ஏற்கெனவே ஒம்போது வருஷமும் தப்பு."

"ஒம்போது வருஷமும் ஒரே மாதிரிதான தப்புப் பண்ணிருக்கீங்க?"

"ஆறுதல் சொல்றீங்களா?"

"கணக்குச் சொல்றேன். எல்லா வருஷமும் சுத்தித்தான் வந்தீங்க. கூடினதும் நெசம், கொறஞ்சதும் நெசம். எலி வந்தா இதுங்களும் வரும். நீங்கதான சொன்னீங்க?"

அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. எழுபத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மரங்களையே தூக்கிக் கொடுப்பது போல அந்தத் தாளைக் கொடுத்தாள்.

அவன் தாளைப் பார்த்தான். கம்பியைப் பார்த்தான். மறுபடி தாளைப் பார்த்தான். பிறகு போனை எடுத்தான்.

"சார், தேவாலயத் தெரு... ஆமா, வெட்டலாம். ஆனா பள்ளிக்கூடத் தெருவுக்கு வச்சிருக்கோமே, ஒற போட்ட கம்பி, அத இங்க போட்டா கிளை உரசினாலும் ஒன்னும் ஆகாது... தெரியும் சார்... தெரியும்... ஆள் வேணாம். நானே தனியாப் போடுறேன்."

அந்தப் பக்கத்துத் திட்டு விதாவுக்கே கேட்டது. கடைசியில் திட்டு நின்றது.

"சரின்னுட்டார்," என்றான் ஷார்கோ. "நேத்தே தோணிருக்கணும். வெட்டுறது சுலபம், அதான் தோணல." ஜாக்கெட்டின் ஜிப்பை ஏற்றினான், இறக்கினான். "இன்னொன்னு. நேத்து மேல மூணு தடவ எண்ணினேன்."

"ஏன்?"

"நடுவுல நீங்க தொப்பியக் கழட்டினீங்க. எண்ணிக்கை விட்டுப்போச்சு. மறுபடி எண்ணினேன், மறுபடி கீழ பாத்துட்டேன்... மூணாவது தடவ உங்களப் பாக்கக் கூடாதுன்னு சத்தியம் பண்ணிட்டு எண்ணினேன்."

பனி அவள் இமையில் விழுந்து கரைந்தது. ரொட்டிக் கடை விளக்கு எரிந்தது.

"ஷார்கோ." மேஸ்திரி என்று வாயில் வரவில்லை. "ஆந்தைய நேராப் பாத்தா மறைஞ்சிடும்... அதனால ஓரக்கண்ணாலயே பாத்துப் பழகிட்டேன். நேத்துலருந்து உன்னையும் அப்படித்தான் பாத்துட்டிருக்கேன்."

"நான் எங்கயும் மறைய மாட்டேன்," என்றான். "நேராவே பாரு."

விதா நேராகப் பார்த்தாள்.

மறுநாள் காலை எட்டிலிருந்து பதினொன்று வரை தேவாலயத் தெருவில் மின்சாரம் இல்லை. ஷார்கோ பழைய கம்பியை இறக்கிவிட்டு உறை போட்ட கம்பியை ஏற்றினான். மரம் எதுவும் வெட்டப்படவில்லை. தபால்காரி தொட்டியையே நேராகப் பார்த்து நின்றதில், தபால் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது.