சோளக்காட்டின் மேல் ஒரு விளக்கு

அரசாங்கக் கார் வெர்னாவின் வீட்டு வாசலில் வந்து நின்றபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நெப்ராஸ்காவின் அக்டோபர் காற்றில் காய்ந்த சோளத்தட்டைகள் சலசலத்தன. வானத்தில் தெரியும் விளங்காத வெளிச்சங்களை விசாரிக்கும் பிரிவிலிருந்து வந்திருந்தார் ப்ரூவர். இதற்கு முன் வந்த இருவரில் ஒருவர் பலூன் என்றார். மற்றவர் வெள்ளிக் கிரகம் என்றார். இருவரும் காப்பியைக் குடித்துவிட்டுக் கைகழுவிவிட்டார்கள்.

"வெள்ளி கிரகத்தைப் பார்த்துட்டா என் பையன் காட்டுக்குள்ள ஓடிக் காணாமப் போனான்?" என்றாள் வெர்னா.

ப்ரூவர் தலையைக் குனிந்துகொண்டார். "மேலிடத்துல இந்தக் கேஸை மூடச் சொல்லிட்டாங்க மேடம். மூடிட்டா ஷெரீப்பும் தேடறதை நிறுத்திடுவாரு. இன்னிக்கு உறுதியா ஏதாவது கிடைச்சாத்தான் உண்டு."

மகன் ஜோயல் போய் ஒரு வருடமாகிவிட்டது.

இந்தப் பிரிவினருக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளிச்சத்தைப் பார்த்தவர் பார்த்த இடத்திலேயே நிற்க வேண்டும். அதிகாரி நீண்ட கழியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வயலுக்குள் போவார். பார்த்தவர் வாக்கி-டாக்கியில் சொல்லச் சொல்ல விளக்கை நகர்த்தி, அன்று வெளிச்சம் தெரிந்த இடத்துக்கே கொண்டுவருவார். பிறகு தூரத்தை அளப்பார்கள்.

வெர்னா வராந்தாவில் நின்றாள். ப்ரூவர் காரைக் கொட்டகைக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு போனார். இருட்டியது.

சோளத்துக்கு மேலே விளக்கு எழும்பியது.

அவள் வாக்கி-டாக்கியின் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "இடது பக்கம் போங்க."

போனது.

"இன்னும் மேல."

ஏறியது.

காற்று நின்றுபோயிருந்ததையோ, முடி கருகும் வாடை வந்ததையோ அவள் கவனிக்கவில்லை.

"அங்கதான் சார்! அப்படியே நில்லுங்க!" பொத்தானை விட்ட பிறகுதான் மறுபக்கம் பேசுவது கேட்டது.

"மேடம், எதை நகர்த்தச் சொல்றீங்க?" ப்ரூவரின் குரல் கரகரத்தது. "நான் இன்னும் கொட்டகைக்குப் பின்னாடிதான் இருக்கேன். விளக்கு எரியவே மாட்டேங்குது."

வெளிச்சம் அவள் சொன்ன இடத்திலேயே நின்றது.

எந்தக் கடவுளும் காதுகொடுக்காத அவள் பேச்சை இது கேட்கிறது.

"என் பையனைக் கொண்டு வா," என்று கிசுகிசுத்தாள்.

வெளிச்சம் சோளத்துக்குள் இறங்கி அணைந்தது.

ப்ரூவர் மூச்சிரைக்க ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். "கார்ல ஏறுங்க மேடம். இப்பவே!"

மாடியில், ஜோயலின் அறையில், விளக்கு எரிந்தது.

"அம்மா."

சளி பிடித்தாற்போல் லேசாகக் கம்மும் அதே குரல். வெர்னா வாய்விட்டு அழுதாள்.

"அது உங்க பையன் இல்ல, போகாதீங்க," என்றார் ப்ரூவர்.

அது அவளுக்கும் தெரியாமல் இல்லை.

"அம்மா, அவரையும் கூட்டிட்டு வா."

ஜோயல் கேட்டு அவள் எதையும் மறுத்ததில்லை. ப்ரூவரின் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"வாங்க சார்," என்றாள், கண்ணைக்கூடத் துடைக்காமல். "பிள்ளை கூப்பிடறான்."

ப்ரூவர் உதறினார். அவள் விடவில்லை.

வீட்டுக் கதவு உள்ளிருந்து திறந்தது.