விற்றுப்போன அறை

காலை 9.10. ஃபிராங்க்ஃபர்ட், 1846. மாலையில் யூதர்களின் பஸ்கா பண்டிகை தொடங்குகிறது.

சலோமோன் வெட்ஸ்லர் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. காணாமல் போனது பஸ்கா விருந்து ஓவியம். மேசையைச் சுற்றிக் குடும்பம். நடுவே எழுந்து நின்று பண்டிகை வழக்கப்படி கேள்வி கேட்கும் மகன் மெயர். பனிக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்ட அந்தப் பிள்ளைக்கு வேறு படம் கிடையாது.

பழி வேலைக்காரி லீஸ்பெட் மேல் விழுந்தது. பதினோரு மணிக்குப் போலீஸ் என்று சொல்லிவிட்டார் சலோமோன். அவர் துக்கத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது; எளியவள் அகப்பட்டாள்.

காலை 10.00. அந்த ஓவியத்தை முன்பு செப்பனிட்டுக் கொடுத்த கும்பெல் வந்தார். முற்றத்து நெருப்பில் ரொட்டித் துணுக்குகளோடு மெயரின் பள்ளிப்பையும் எரிந்துகொண்டிருந்தது.

"பை எதுக்கு?" என்றார் கும்பெல்.

"தையலெல்லாம் ரொட்டித்தூள். புளிச்ச மாவு ஒரு பொட்டுகூட வீட்டுல இருக்கக்கூடாதுன்னு உமக்குத் தெரியாதா?" என்றார் சலோமோன்.

"எல்லா இடமும் தேடியாச்சா?"

"எங்க வீட்டுல ஒரு அறை விடல. இவ பெட்டியைக்கூட."

"நான் வாசலே தாண்டலய்யா," என்றாள் லீஸ்பெட். "விடிஞ்சதுலேர்ந்து பாத்திரம்தான் தேய்க்கிறேன்."

"மாவு, ரொட்டியெல்லாம் பூட்டி வச்ச அறை?" என்று சலோமோனைக் கேட்டார் கும்பெல்.

"அது எங்களுது இல்ல. புளிச்சது நம்மகிட்ட இருக்கக்கூடாதேன்னு எட்டரைக்கே யூதர் இல்லாத நிலக்கரிக்கார ஹாஸுக்கு வித்தாச்சு, சாவியும் அவர்கிட்ட. பண்டிகை முடிஞ்சுதான் திரும்ப வாங்குவோம். வருஷா வருஷம் அப்படித்தானே."

கும்பெல் சலோமோனின் மனைவி யெட்டேயைப் பார்த்தார். அவள் நெருப்பின் பக்கம் திரும்பவே இல்லை.

காலை 10.40. கும்பெல் ஆளனுப்ப, ஹாஸ் வந்து அந்த அறையின் கதவைத் திறந்தார். மாவு மூட்டைக்குப் பின்னால், மெயரின் போர்வைக்குள் ஓவியம் இருந்தது.

"எடுத்தது உங்க வீட்டம்மா," என்றார் கும்பெல். "படத்தோட பின்துணியை எதால ஒட்டினேன்னு திங்கட்கிழமை என்கிட்ட கேட்டாங்க. கோதுமைப் பசைன்னேன். உங்க வீடு பூரா தேடினீங்க. வித்த அறை உங்க வீடில்லன்னு விட்டுட்டீங்க."

யெட்டே சொன்னாள்: "அன்னிக்குத்தான் பையை நெருப்புக்குன்னு ஒதுக்கி வச்சீங்க. கோதுமைப் பசையும் புளிச்ச மாவுதானே, அடுத்து படம்தான்னு பயந்துட்டேன். லீஸ்பெட், வாயைத் திறந்தா அவன் முகமும் போயிடும்னு உன்னைப் பலி கொடுக்கப் பாத்தேன். மன்னிச்சுக்கம்மா."

"நாய்கூடத் திங்காத பசைம்மா அது," என்றார் கும்பெல். "நம்ம மதச் சட்டம் அதைப் புளிச்ச மாவுன்னு தொடவே இல்ல. எரிக்கவும் வேண்டாம், விக்கவும் வேண்டாம்."

சலோமோன் படியில் உட்கார்ந்துவிட்டார். நெருப்பு அணைந்திருந்தது.

"அப்போ பையையும் உதறியிருந்தா போதும். இல்லையா கும்பெல்?"

லீஸ்பெட் குச்சியால் சாம்பலைக் கிளறி, பையின் பித்தளைக் கொக்கியை எடுத்துத் துடைத்து சலோமோன் கையில் வைத்தாள்.